பில்லிகா காட்டுச் சாலையில் நான் அடித்த அடி

1

போன ஞாயிற்றுக்கிழமை ஊரிலிருந்து மனைவியின் தம்பி அழைத்தான். சுகம் விசாரிக்கிற பழக்கம் அவனுக்குக் கிடையாது.

"அத்தான், பெத்த பிள்ளைக்கு ஒரு அடி போட்டதுக்கு உங்களை வீட்டை விட்டுக் கலைச்சுப்போட்டாங்களாம். மெய்யோ?"

"மெய்தான்."

"இதென்ன நாடு அத்தான்? நாங்கள் அடி வாங்காமலே வளர்ந்தனாங்கள்?"

எனக்காகத்தான் அவன் கோபப்படுகிறான். ஆனாலும் எனக்கு எரிச்சல் வந்தது. பிறகு எடுக்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

இதை லிட்கம்மில் ஒரு வாடகை அறையிலிருந்து எழுதுகிறேன். என் வீடு வென்ட்வேர்த்வில்லில் இருக்கிறது. ரயிலில் ஏறினால் அரை மணி நேரம்கூட ஆகாது. ஆனால் வழக்கு எடுபடும்வரை அந்த வீட்டு வாசலுக்குப் போகக் கூடாது என்று பொலிஸ் ஒரு தாள் தந்திருக்கிறது. என் மனைவி சுகந்தியும் மகள் தர்சிகாவும் சிட்னியில் வந்து இறங்கி இன்றோடு ஒரு வருடம். இந்த நாளைக் கொண்டாட வேண்டும் என்று நானே கலண்டரில் வட்டம் போட்டிருந்தேன். அந்தக் கலண்டர் அங்கே குசினியில் தொங்குகிறது.

வென்ட்வேர்த்வில் கடைகளில் என்னைப் பற்றி இப்போது மூன்று கதைகள் உலாவுகின்றன. பெட்டை யாரோ பெடியனோடு கதைத்தாளாம், அதற்காக அடித்தேனாம். அடியில் அவளுக்குக் கை முறிந்ததாம். இல்லை, நான் தொடவே இல்லையாம், இந்த நாட்டுப் பள்ளிக்கூடம் அவளுக்குச் செல்லம் கொடுத்துக் கெடுத்ததாம். மூன்றும் பொய். பொய்யைப் பற்றிச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்பது கொஞ்ச நேரத்தில் உங்களுக்கே விளங்கும்.

2

நான் படகில் வந்தவன். புறப்படும்போது தர்சிகாவுக்கு மூன்று வயது. நித்திரையாகக் கிடந்தாள், எழுப்பாமல் வந்துவிட்டேன். அதன் பிறகு பன்னிரண்டு வருடம் நான் அவளுக்கு ஒரு தொலைபேசித் திரையாக இருந்தேன்.

அந்தப் பன்னிரண்டு வருடத்தில் எத்தனை விசா! ஒன்றில் வேலை செய்யக் கூடாது. இன்னொன்றில் வேலை செய்யலாம், படிக்கக் கூடாது. பிறகு தந்த விசாவில், நகரத்தை விட்டு உள்நாட்டுக்குப் போய் அங்கே வருடக்கணக்கில் வேலை செய்தால் பிறகு பார்க்கலாம் என்றார்கள். வடக்கே தொலைவில் ஒரு சின்ன நகரத்துக்குப் போனேன். பெயர் வேண்டாம். அங்கே எங்களைப் போன்றவர்களுக்கு ஒரே ஒரு வேலைதான் கிடைத்தது. இறைச்சித் தொழிற்சாலை. மின்சாரத்தில் மயக்கிய செம்மறிகள் ஒரு காலில் தொங்கி வரிசையாக வரும். கழுத்தை அறுப்பது என் வேலை.

சுகந்தியின் குடும்பம் முட்டைகூடத் தொடாது. அவளிடம் மரக்கறி பொதி செய்யும் கொம்பனி என்று சொன்னேன். வாயில் முதலில் வந்தது அதுதான். வேலை முடிந்து, இரத்த வாடை போகத் தேசிக்காய்ப் புளி தேய்த்துக் குளித்து, திருநீறு பூசிக்கொண்டுதான் வீடியோவில் தோன்றுவேன். வெள்ளிக்கிழமைகளில், "இண்டைக்கு நானும் மரக்கறிதான்" என்று சொல்வேன். அது மட்டும் உண்மை. அந்த நாட்களில் இறைச்சியை வாயில் வைக்க என்னால் முடியவில்லை.

கடைசியில் நிரந்தர விசா கிடைத்து, குடும்பத்தைக் கூப்பிட விண்ணப்பித்தபோது, இவள் உன் மகள்தான் என்று நிரூபி என்றார்கள். பிறப்புப் பத்திரம் போதாதாம். நான் இங்கே வாயைத் திறந்து பஞ்சால் உமிழ்நீர் கொடுத்தேன். அவள் கொழும்புக்குப் போய்க் கொடுத்தாள். நான்தான் தகப்பன் என்பதில் சந்தேகமில்லை என்று ஆய்வுகூடம் எழுதித் தந்தது. அந்தக் கடிதத்தை நான் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறேன்.

ஆய்வுகூடம் சொன்னதை மகள் சொல்லவில்லை. வந்த நாள் தொடக்கம் அவள் என்னை அப்பா என்று கூப்பிடவே இல்லை. முகத்தில் அடித்த மாதிரி நடந்துகொள்ளவும் இல்லை, மரியாதையான பிள்ளை. "சாப்பிட்டாச்சோ?" என்று கேட்பாள். "அம்மா கூப்பிடுறா" என்பாள். அந்த ஒரு சொல் வர வேண்டிய இடத்தைச் சுற்றிக்கொண்டு போய்விடுவாள். முதல் மாதம் வெட்கம் என்று நினைத்தேன். ஆறாம் மாதம் எனக்குப் பயம் பிடித்தது. அந்தச் சொல்லைக் கேட்காமலே செத்துப்போவேனோ என்று ரயிலில் நின்றுகொண்டே யோசித்த நாட்கள் உண்டு.

சுகந்திதான் வழி சொன்னாள். அவள் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் லீவு கிடைக்கவில்லை. "பள்ளிக்கூட லீவுக்கு நீங்களும் பிள்ளையும் மட்டும் எங்கையாவது போட்டு வாங்கோ. காருக்குள்ளை இருந்தால் கதைக்கத்தானே வேணும்?" என்றாள்.

3

வடக்கே போவோம் என்று முடிவு செய்தேன். நீல மலைகளைத் தாண்டி, மட்ஜி, கூனபராபிரன், அங்கிருந்து பில்லிகா காடு, பிறகு குயின்ஸ்லாந்து எல்லைவரை. எனக்குத் தெரிந்த ஒரே அழகான பாதை அதுதான். நான் வேலை செய்த நகரத்தைத் தொடாமல் வேறு வழியாகச் சுற்றிப் போகத் திட்டம் போட்டிருந்தேன்.

அழகு என்றால் அழகுதான். வாரம்பங்கிள் மலைகள் வெட்டவெளியில் திடீரென்று எழும்பி நிற்கும். யாரோ பூமிக்குக் கீழேயிருந்து கோபத்தில் குத்திக் கிழித்து எடுத்த கற்கள் அவை. எரிமலை வெடித்த மிச்சம் என்று தர்சிகா பலகையை வாசித்துச் சொன்னாள். போகும் வழியெங்கும் சாலையோரத்தில் செத்த கங்காருகள். வயிறு ஊதியவை, தலை இல்லாதவை, வெறும் தோலாகத் தார் ரோட்டோடு ஒட்டிப்போனவை. ஒவ்வொன்றின் மேலும் காகங்கள். கழுகு ஒன்று குடலை இழுத்துக்கொண்டு நின்றது, நான் ஹோர்ன் அடித்தும் விலகவில்லை. மூன்று பெட்டி இழுக்கும் லொறிகள் எதிரே வரும்போது எங்கள் பழைய காரைக் காற்று பிடித்து உலுக்கும். தர்சிகா ஒவ்வொரு தடவையும் கதவுப் பிடியை இறுக்கிப் பிடிப்பாள்.

மட்ஜியில் மோட்டல் பெண்ணிடம் நான் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டேன். வெளியே வந்ததும் தர்சிகா, "நீங்கள் கதைக்கிற இங்கிலீஷ் எங்கை பழகினது? எங்கட ரீச்சர் அந்தச் சொல்லுகளைச் சொல்லக் கூடாதெண்டவ" என்றாள். தொழிற்சாலையின் கத்தி மேடையில் பழகியது என்று சொல்ல முடியுமா? சிரித்து மழுப்பினேன். ஆனால் அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் இரண்டு நாள் சேமித்து வைத்திருந்தேன்.

கூனபராபிரன் போகும் வழியில் அவள் கேட்டாள், "உங்களை உங்கட அப்பா அடிச்சவரோ?"

"அடிச்சவர். சைக்கிள் ரியூப்பாலை. ஒருக்கா தூணிலை கட்டிப்போட்டு அடிச்சவர்."

"ஏன்?"

ஏன் என்று எனக்கு ஞாபகம் இல்லை. அடி மட்டும் ஞாபகம் இருக்கிறது. 'ஐயோ அப்பா, இனிச் செய்யமாட்டன் அப்பா' என்று கத்தியது ஞாபகம் இருக்கிறது. என் வாழ்க்கையில் அந்தச் சொல்லை நான் அதிகம் சொன்னது அடி வாங்கும்போதுதான். இதையெல்லாம் அவளிடம் சொல்லவில்லை. "குழப்படி செய்திருப்பன்" என்றேன்.

"நான் குழப்படி செய்தால் அம்மா கதைக்காமல் இருப்பா. அது அடியை விடக் கூட நோகும்" என்றாள்.

இப்படியே கதைத்துக்கொண்டு போனால் எல்லைக்குப் போவதற்குள் அந்தச் சொல் வந்துவிடும் என்று நம்பினேன். உண்மையாகவே நம்பினேன்.

4

பில்லிகாவுக்கு முன்னால் ஒரு பெற்றோல் நிலையத்தில் நிறுத்தினோம். தர்சிகா சூடான சிப்ஸ் வாங்கிக்கொண்டு என் பக்கத்தில் நின்றாள். யாரோ பின்னாலிருந்து என் தோளில் ஓங்கி அறைந்தார்கள். திரும்பினால் டேரன். தொழிற்சாலையில் என் வரிசையில் தோல் உரித்தவன். ஆளைவிடத் தொப்பை பெரியது, நல்ல மனிதன்.

"சிவா! உயிரோடுதான் இருக்கிறாயா?" என்று கட்டிப்பிடித்தான். இது யார், உன் மகளா என்று கேட்டு அவளுக்குக் கை கொடுத்தான். பிறகு, என்னைப் பெருமைப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு, ஆரம்பித்தான். உன் அப்பாவின் கையைப் போல ஒரு கை அந்தத் தளத்தில் இருந்ததில்லை. ஒரே இழுப்பு. ஆடு கண்ணை மூட முதல் முடிந்துவிடும். நாலு வருடம், ஒரு நாள்கூட லீவு எடுக்கவில்லை. சொல்லிக்கொண்டே தன் விரலைத் தன் கழுத்தில் வைத்து இழுத்துக் காட்டினான், தொண்டையில் சத்தமும் போட்டான்.

தர்சிகா சிப்ஸ் பெட்டியைக் கவனமாக மேசையில் வைத்தாள். "நைஸ் டு மீட் யூ" என்று டேரனிடம் சொல்லிவிட்டுப் போய்க் காரில் ஏறினாள்.

5

பில்லிகா காடு நூறு கிலோமீற்றருக்கு மேல் ஒரே நேர்ச் சாலை. இரண்டு பக்கமும் கறுத்த மரங்கள், சிவந்த மண். மாலை ஐந்து மணி இருக்கும், வெயில் சாய்ந்து கண்ணில் குத்தியது. கங்காருகள் வெளியே வரும் நேரம் அது. அது தெரிந்தவன்தான் நான்.

"நீங்கள் ஆட்டுக்குக் கழுத்தறுத்தனீங்களோ?"

"அது வேலை, பிள்ளை."

"மரக்கறிக் கொம்பனி எண்டு சொன்னனீங்கள்."

"அம்மா தாங்கமாட்டா எண்டுதான்..."

"அம்மா கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் தண்ணியோடை கிடந்தவ. உங்களுக்கு விசா கிடைக்கோணும் எண்டு. எட்டு வயசிலை நானும் கிடந்தனான், மயங்கி விழுந்தனான். நீங்கள் திருநீறு பூசிக்கொண்டு வந்து நானும் விரதம் எண்டு சொன்னனீங்கள்."

"எல்லாம் உங்களுக்காகத்தான் செய்தனான்!"

"நாங்கள் கேட்டனாங்களோ? வேறை என்னென்ன பொய் சொன்னனீங்கள்?"

"வாயைப் பொத்து."

"நீங்கள் ஆர் எனக்கு, வாயைப் பொத்தச் சொல்ல?"

என் இடது கை போனது. யோசித்து அடித்தேன் என்று சொல்லமாட்டேன். ஆனால் கை தானாகப் போனது என்றும் சொல்லமாட்டேன், அதுவும் பொய்தான். புறங்கையால் ஓங்கி அடித்தேன். அவளுடைய தலை கண்ணாடியில் மோதிய சத்தம் கேட்டது. என் கடிகாரத்தின் விளிம்பு அவள் கன்னத்தைக் கிழித்தது. அடிக்கும்போது நான் சாலையைப் பார்க்கவில்லை.

அடுத்த கணம் சாம்பல் நிறத்தில் ஏதோ காருக்கு முன்னால் எழும்பியது. இடித்த அதிர்ச்சி என் பல்லில் தெரிந்தது. கார் வழுக்கி, சரளைக் கல்லில் இழுபட்டு, மரத்துக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. ரேடியேற்றரிலிருந்து ஆவி சீறியது.

"பிள்ளை, பிள்ளை" என்று அவள் தோளைப் பிடித்தேன். அவள் என் கையைத் தட்டிவிட்டு இறங்கினாள். நானும் இறங்கினேன்.

பெண் கங்காரு. பின்னங்கால் இரண்டும் முறிந்து பின்பக்கமாகத் திரும்பியிருந்தன. முன்னங்கைகளால் மண்ணைப் பிறாண்டிப் பிறாண்டித் தன்னைக் காட்டுக்குள் இழுத்துக்கொண்டு போக முயன்றது. ஒரு முழம் போகும், விழும், கத்தும். எங்கள் ஆட்கள் இப்படியான நேரத்தில் செய்வது எனக்குத் தெரியும். காரில் ஏறிப் போய்க்கொண்டே இருப்பது. பொலிஸ், கடிதம், கேள்வி ஒன்றும் வேண்டாம். எனக்கும் முதலில் வந்த யோசனை அதுதான்.

ஆனால் அது கத்திக்கொண்டிருந்தது. பெட்டியில் பழம் வெட்ட என்று கொண்டுவந்த கத்தி இருந்தது. பழம் வெட்டும் கத்தி அல்ல, மேடையில் நான் வைத்திருந்த கத்திதான். எடுத்தேன்.

"அங்காலை திரும்பி நில்" என்றேன்.

அவள் திரும்பவில்லை. கன்னத்தில் இரத்தம் வழிய, கைகளைக் கட்டிக்கொண்டு, என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பின்பக்கமாகப் போய், முழங்காலால் தோளை அமத்தி, தாடையைப் பிடித்து உயர்த்தினேன். ஒரே இழுப்பு. டேரன் பொய் சொல்லவில்லை. சூடான இரத்தம் என் சட்டைக் கை நனைய வந்தது. கால்கள் கொஞ்ச நேரம் உதைத்து அடங்கின.

நான் எழும்பும்போதுதான் கண்டோம், அதன் வயிறு அசைந்தது.

தர்சிகா தொலைபேசியை எடுத்தாள். வழியில் மஞ்சள் பலகைகளில் காட்டு விலங்கு மீட்பு இலக்கம் எழுதியிருந்ததை அவள் கவனித்திருக்கிறாள், நான் கவனிக்கவில்லை. கொஞ்சத் தூரம் நடந்து சிக்னல் பிடித்துக் கதைத்தாள். தெளிவான ஆங்கிலம், ஒரு நடுக்கமும் இல்லை. பிறகு வந்து, என் முகத்தைப் பார்க்காமல், சொன்னாள்:

"ஆக்கள் வருகினமாம். பைக்குள்ளை கையை வைச்சுப் பார்க்கட்டாம். குட்டி முலையைக் கவ்விக்கொண்டிருந்தால் இழுக்க வேண்டாமாம், இழுத்தால் வாய் கிழிஞ்சுபோமாம். முலைக்காம்பை வெட்டி, காம்போடை எடுக்கட்டாம்."

கையை உள்ளே விட்டேன். தாயின் சூடு இன்னும் இருந்தது. மயிர் முளைக்காத, இளஞ்சிவப்பான, என் விரல் நீளத்தைவிடக் கொஞ்சம் பெரிய உயிர் ஒன்று. வாய் காம்பில் ஒட்டியிருந்தது. நாலு வருடம் பழகிய பிடிதான், ஆனாலும் இரத்தத்தில் கத்தி வழுக்கியது. "மெதுவா" என்றாள் தர்சிகா. "மெதுவா, அதுக்கு நோகும்." பல்லைக் கடித்துக்கொண்டு வெட்டினேன்.

அவள் அதை என்னிடமிருந்து வாங்கி, ஸ்வெற்றரைத் தூக்கி, தன் வயிற்றோடு அணைத்து மூடிக்கொண்டாள். ஒரு மணி நேரம் அப்படியே சாலையோரத்தில் இருந்தாள். நான் அவளிடமிருந்து இருபதடி தள்ளி நின்றேன். கிட்டப் போனால் எழும்பிவிடுவாள் என்று தெரிந்தது.

மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயெடுத்தேன். "கதைக்க வேண்டாம்" என்றாள்.

6

வெளிச்சம் மங்கும்போது பின்பக்கம் திறந்த யூட் வண்டி ஒன்று வந்து நின்றது. இறங்கியவளுக்கு அறுபது வயது இருக்கும். ஷெரில் என்று பெயர் சொன்னாள். துணிப் பை ஒன்றைத் தன் சட்டைக்குள் வைத்துச் சூடாக்கிக்கொண்டு வந்திருந்தாள். குட்டியை வாங்கிப் பார்த்தாள். பிழைக்குமா என்று தர்சிகா கேட்டாள். இவ்வளவு சின்னது பிழைப்பது கஷ்டம் என்று மறைக்காமல் சொன்னாள். செத்த தாயின் கழுத்தைக் குனிந்து பார்த்துவிட்டு, என்னிடம், சுத்தமாகச் செய்திருக்கிறாய், பாவம் அது அதிகம் துடிக்கவில்லை என்றாள். நான் தலையாட்டினேன்.

பிறகு டோர்ச் லைட்டை உயர்த்தினாள். வெளிச்சம் தர்சிகாவின் முகத்தில் விழுந்தது. கன்னம் வீங்கிக் கண்ணுக்குக் கீழே நீலம் பாரித்திருந்தது. கீறலில் இரத்தம் உறைந்திருந்தது.

முகத்தில் என்ன என்று கேட்டாள்.

"ஆக்சிடென்ட்" என்றேன். கேட்டது என்னை அல்ல. ஆனால் நான் முந்திக்கொண்டேன். "கார் அடிபட்டதில் கண்ணாடியில் மோதிவிட்டாள்." குடியுரிமைக்கு விண்ணப்பம் போட்டிருந்தேன். பொலிஸ் சான்றிதழ் கேட்பார்கள். ஒரு சின்ன வழக்கு இருந்தாலும் எல்லாம் தொடக்கத்திலிருந்து. அதெல்லாம் ஒரே மூச்சில் என் தலைக்குள் ஓடியது. மரக்கறிக் கொம்பனி என்று அன்றைக்குச் சொன்னேனே, அவ்வளவு சுலபமாக இதுவும் வந்தது.

ஷெரில் என்னைப் பார்க்கவில்லை. தர்சிகாவிடம் மறுபடி, மெதுவாக, அப்படியா என்று கேட்டாள்.

தர்சிகா என்னைத் திரும்பிப் பார்த்தாள். கங்காரு அடங்கிய பிறகு அவள் என்னை நேராகப் பார்த்தது அப்போதுதான். அவள் கண்ணில் கோபம் இருந்தது, வெறுப்பு இருந்ததா என்று எனக்குத் தெரியாது. களைப்பு இருந்தது. இன்னொரு பொய்யைச் சுமக்க அவளிடம் இடம் இல்லை.

"நோ," என்றாள். "மை டாட் ஹிட் மீ."

மரங்களில் கலா என்கிற இளஞ்சிவப்புக் கிளிகள் கத்திக்கொண்டிருந்தன. நான் கேட்டதை இன்னொரு தடவை கேட்க வேண்டும் போல் இருந்தது. டாட். ஆங்கிலத்தில், ஒரு அந்நியப் பெண்ணிடம், என்னைக் காட்டிக்கொடுக்க. இருந்தாலும் என்னைத்தான் சொன்னாள். 'இவர்' என்று சொல்லியிருக்கலாம், 'அந்த ஆள்' என்று சொல்லியிருக்கலாம்.

ஷெரில் டோர்ச்சை என் பக்கம் திருப்பினாள். அவள் சொல்வது உண்மையா என்று கேட்டாள்.

இல்லை என்று சொல்லலாம். பிள்ளை பயந்துபோயிருக்கிறாள், உளறுகிறாள் என்று சொல்லலாம். யார் பார்த்தது? அந்த நூறு கிலோமீற்றரில் எங்களைத் தவிர வேறு ஒரு ஆள்கூட இல்லை. மனைவியின் தம்பி மறுபடி அழைத்து இதைத்தான் கேட்டான், ஏன் அத்தான் ஒத்துக்கொண்டனீங்கள், வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமே என்று. சுகந்திகூட ஒரு தரம் அழுதுகொண்டு கேட்டாள்.

தர்சிகாவின் வசனத்தில் அடித்ததை மட்டும் பிரித்தெடுத்து இல்லை என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. அதில் நான் யார் என்பதும் இருந்தது.

"யெஸ்," என்றேன். "நான் அவளுடைய தகப்பன். நான்தான் அடித்தேன்."